ஜெர்மானியத் தேர்வுக் கோமான்களின் வாரிசுரிமை: சட்டச் சொற்களும் அவற்றின் பொருளெல்லையும்

1. முன்னுரை

புனித ரோமானியப் பேரரசின் தலைவர் பிறப்புரிமையால் அரியணை ஏறியவர் அல்லர், தேர்ந்தெடுக்கப்பட்டவர். ஆயின் அவரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை பெற்றிருந்த எழுவருள் நால்வர் அவ்வுரிமையைப் பெரும்பாலும் பிறப்பினாலேயே அடைந்தனர். தேர்தலுக்கு மரபுரிமை அடித்தளமாக அமைந்த இம்முரண் ஐரோப்பிய அரசியல் வரலாற்றில் பல நூற்றாண்டுகள் நிலைத்து நின்றது.

எழுவருள் மூவர் மைன்ஸ், டிரியர், கொலோன் ஆகிய நகரங்களின் பேராயர்கள். மணம் புரியாத திருச்சபையினர் ஆதலின் இவர்களுக்குப் பின் பட்டம் பெறும் மக்கள் இல்லை. பேராலயக் குழுவினரே அடுத்த பேராயரைத் தேர்ந்தனர். எஞ்சிய நால்வர் பொகேமியாவின் அரசர், ரைன் பாலத்தினேட்டின் பிரபு, சாக்சனியின் டியூக், பிராண்டன்பர்க்கின் மார்கிரேவ் ஆகியோர். இந்நால்வர் குடும்பங்களில் தந்தை இறக்கும்போது நிலம் மட்டுமன்றிப் பேரரசரைத் தேர்ந்தெடுக்கும் வாக்கும் கைமாறியது. நிலத்தைப் பங்கிடலாம்; வாக்கைப் பங்கிட இயலாது. இவ்வேறுபாடே இக்குடும்பங்களின் வாரிசுரிமைச் சிக்கல்கள் பலவற்றிற்கும் மூலமாக அமைந்தது.

1356 முதல் 1806 வரையிலான காலப்பகுதியில் எழுந்த அத்தகைய சிக்கல்களுள் சிலவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது. அவை ஒவ்வொன்றிலும் ஒரு சட்டச் சொல்லின் பொருள் எதுவரை செல்லும் என்பதே வழக்கின் மையமாக இருந்தது என்பதும், 'வாரிசு' என்னும் ஒரே தமிழ்ச் சொல்லால் அனைத்தையும் பெயர்க்கும்போது வழக்கின் காரணமே மறைந்துவிடுகிறது என்பதும் இங்கு எடுத்துக்காட்டப்படுகின்றன.

2. பட்டப் பெயர்களும் அவற்றின் சொற்பிறப்பும்

இவ்வெழுவரையும் குறிக்கும் ஜெர்மன் சொல் 'கூர்ஃபுர்ஸ்ட்' என்பது. இக்கூட்டுச் சொல்லின் முதற்பகுதி, 'தேர்தல்' எனப் பொருள்படும் 'கீசன்' என்னும் பழைய வினையோடு உறவுடையது. அவ்வினை இன்றைய ஜெர்மன் மொழியில் வழக்கிழந்துவிட்டது. 'தேர்ந்தெடுக்கப்பட்ட' எனப் பொருள்படும் 'எர்கோரன்' போன்ற எச்ச வடிவங்களிலேயே அதன் சாயல் எஞ்சியுள்ளது. மருத்துவச் சிகிச்சையைக் குறிக்கும் 'கூர்' என்னும் ஜெர்மன் சொல் இலத்தீனிலிருந்து வந்த வேறொரு சொல். ஒலியொப்புமை கண்டு இரண்டையும் ஒன்றெனக் கொள்ளல் ஆகாது.

இரண்டாம் பகுதியாகிய 'ஃபுர்ஸ்ட்' என்பது 'முதலில் நிற்பவர்' என்னும் பொருளில் தோன்றி, ஆளும் உயர்குடியினரைக் குறிக்கலாயிற்று. ஆங்கிலத்தில் இது 'பிரின்ஸ்' எனப் பெயர்க்கப்படுகிறது. ஆங்கிலத்தின் வழியாகத் தமிழுக்கு வரும்போது 'இளவரசர்' என்று ஆகிவிடுகிறது. தமிழில் இளவரசர் என்பவர் இனி அரசாளப் போகின்றவர். ஃபுர்ஸ்ட் என்பவரோ ஆண்டுகொண்டிருப்பவர். வாரிசுரிமை பற்றிய ஒரு பனுவலில் இவ்விருவரையும் ஒரே சொல்லால் சுட்டினால் தந்தை யார், மகன் யார் என்பதே குழம்பும். எனவே இக்கட்டுரையில் 'தேர்வுக் கோமான்' என்னும் தொடர் ஆளப்படுகிறது. கோமானின் பட்டத்திற்குரிய மகனை ஜெர்மானியர் 'கூர்பிரின்ஸ்' என்றனர். தேர்வுரிமை இல்லாத நாடுகளில் அதே நிலையில் இருந்த மகன் 'எர்ப்பிரின்ஸ்' எனப்பட்டான். முன்னதில் தேர்வுரிமையும் பின்னதில் மரபுரிமையும் பெயரிலேயே இடம்பெற்றுள்ளன.

'எர்பே' என்னும் சொல்லும் கருதத்தக்கது. ஆண்பாற் சுட்டிடைச் சொல்லோடு வரும்போது அது உரிமை பெறும் ஆளைக் குறிக்கும். அஃறிணைப்பாற் சுட்டிடைச் சொல்லோடு வரும்போது உரிமையாக வரும் சொத்தைக் குறிக்கும். ஆளையும் பொருளையும் ஒரே வடிவில் அடக்கிய இச்சொல், நாட்டைக் குடும்பச் சொத்தாகக் கருதிய ஒரு காலத்தின் மனநிலைக்குப் பொருத்தமானதே. அம்மனநிலை தேர்வுரிமை என்னும் பொதுப்பதவியோடு மோதியது.

3. சாசனத்திற்கு முந்திய நிலை

ஜெர்மானிய உயர்குடிகளிடையே தந்தையின் நிலத்தை ஆண்மக்கள் பங்கிட்டுக்கொள்வது பரவலான வழக்கம். அண்ணன் தம்பியர் கூட்டாக ஆள்வதும் உண்டு. தமிழ்ப் பத்திர வழக்கில் 'பாகப்பிரிவினை' எனப்படுவதற்கு இது பெரிதும் ஒத்தது. தேர்வுரிமை உடைய குடும்பங்களும் இவ்வாறே பிரிந்தன. அதன் விளைவாக ஒரே வாக்கிற்கு இரு கிளையினர் உரிமை கோரினர்.

1314இல் இவ்விடர் பேரரசையே பிளந்தது. சாக்சனியின் விட்டன்பர்க் கிளையினர் ஆஸ்திரியாவின் ஃபிரெடரிக்குக்கும், லௌவன்பர்க் கிளையினர் பவேரியாவின் லுட்விக்குக்கும் வாக்களித்தனர். இரு கிளையினரும் சாக்சனியின் வாக்கு தமதே என்றனர். இருவர் அரசராகத் தேர்ந்தெடுக்கப்பட்டனர். உள்நாட்டுப் போர் மூண்டது. விட்டல்ஸ்பாக் குடும்பத்திலோ 1329இல் ஏற்பட்ட பாவியா உடன்படிக்கையின்படி பாலத்தினேட், பவேரியா ஆகிய இரு கிளையினரும் மாறிமாறி வாக்களிப்பது என முடிவாயிற்று. வாக்கையும் முறைவைத்துப் பங்கிடலாம் என்னும் எண்ணம் இதில் வெளிப்படுகிறது.

4. பொன்முத்திரைச் சாசனம் வகுத்த நெறி

இக்குழப்பத்தைத் தீர்க்கும் வகையில் பேரரசர் நான்காம் கார்ல் 1356இல் ஒரு சாசனம் பிறப்பித்தார். முதல் 23 இயல்கள் சனவரி 10ஆம் நாள் நியூரம்பர்க்கிலும், எஞ்சிய 8 இயல்கள் டிசம்பர் 25ஆம் நாள் மெட்ஸ் நகரிலும் வெளியிடப்பட்டன. பொன்னால் ஆன முத்திரை தொங்கவிடப்பட்டதால் இது பொன்முத்திரைச் சாசனம் எனப் பெயர் பெற்றது. இதன் மொழி இலத்தீன்.

வாரிசுரிமையை வகுப்பவை 7, 20, 25 ஆகிய இயல்கள். தேர்வுக் கோமான் இறந்தால் அவருடைய உரிமையும் வாக்கும் முறைமணத்தில் பிறந்த, திருச்சபைப் பட்டம் பெறாத தலைச்சன் மகனைச் சாரும். அவன் இல்லையெனில் அவனுடைய தலைச்சன் மகனைச் சாரும். அவ்வழியில் ஆண்மக்கள் இல்லாதபோது தந்தைவழியில் அடுத்த மூத்த சகோதரனைச் சாரும். வாக்கும் நாடும் ஒன்றை விட்டு ஒன்று பிரியா. நாட்டை உடைமையாகக் கொண்டவரே வாக்கிற்கும் உரியவர். நாடு எக்காரணத்தாலும் பங்கிடப்படலாகாது. தலைச்சன் மனநிலை பிறழ்ந்தவனாகவோ வெளிப்படையான பெருங்குறை உடையவனாகவோ இருந்தால் மட்டுமே அடுத்தவனுக்கு உரிமை செல்லும்.

இங்குத் 'தலைச்சன்' என்னும் சொல் வேண்டுமென்றே ஆளப்படுகிறது. இலத்தீன் மூலத்தில் உள்ள 'பிரிமோகெனிட்டுஸ்' என்பது முதலில் பிறந்தவன் என்றே பொருள்படும். 'மூத்த மகன்' என்று பெயர்த்தால், தந்தை இறக்கும்போது உயிரோடிருப்போருள் மூத்தவன் என்றும் அது பொருள்படக்கூடும். அவ்வாறு கொண்டால் தந்தைக்கு முன்பே இறந்த தலைச்சனின் மகன் விலக்கப்பட்டு, அச்சிறுவனின் சிற்றப்பன் பட்டம் பெறுவான். சாசனம் தவிர்க்க விரும்பியது இதனையே. பேரனுக்கும் சிற்றப்பனுக்கும் இடையிலான வழக்கைத் தீர்க்கும் வலிமை அவ்வொரு சொல்லிலும் அதனைத் தொடரும் 'தலைச்சனின் தலைச்சன்' என்னும் அடுக்கிலும் அடங்கியுள்ளது.

இளைய மக்களின் நிலையும் சாசனத்தில் இடம்பெற்றுள்ளது. பட்டம் பெற்றவன் தன் உடன்பிறந்தாரிடம் இரக்கமும் பரிவும் உடையவனாய் இருக்க வேண்டும் என்று 25ஆம் இயல் கூறுகிறது. ஆயின் எவ்வளவு தருவது என்பதை அவனுடைய விருப்பத்திற்கும் சொத்தின் வளத்திற்கும் விட்டுவிடுகிறது. நேற்றுவரை பங்காளியாக இருந்த தம்பி இன்று சீவனாம்சம் பெறுபவனாக மாறுகிறான். சட்டம் உரிமையாக ஏற்காத ஒன்றை அறமாக மட்டும் கூறும் இடம் இது.

5. பட்டத்திற்குரியோரின் மொழிக்கல்வி

மொழியியலாளர் தனிக் கவனம் செலுத்தத்தக்கது சாசனத்தின் இறுதி இயலாகிய 31ஆம் இயல். பேரரசு பழக்கவழக்கத்தாலும் வாழ்க்கை முறையாலும் மொழியாலும் வேறுபட்ட பல இனங்களைக் கொண்டது. எனவே அதன் தூண்களாகிய தேர்வுக் கோமான்கள் பிறரைப் புரிந்துகொள்பவர்களாகவும் பிறரால் புரிந்துகொள்ளப்படுபவர்களாகவும் இருத்தல் வேண்டும் என்பது இவ்வியலின் கருத்து.

இதன்படி, நான்கு தேர்வுக் கோமான்களின் மக்கள் அல்லது அவர்தம் உரிமையாளரும் வழிவருவோரும் ஏழாம் வயது முதல் இலத்தீன் இலக்கணத்தையும் இத்தாலிய, சிலாவிய மொழிகளையும் கற்றுப் பதினான்கு வயதிற்குள் தேர்ச்சி பெற வேண்டும். ஜெர்மன் மொழியை அவர்கள் இயல்பாகவே அறிந்திருப்பர் எனக் கொள்ளப்பட்டது. அம்மொழிகள் வழங்கும் இடங்களுக்குப் பிள்ளைகளை அனுப்புவதோ, வீட்டிலேயே ஆசிரியரையும் அம்மொழி பேசும் ஒத்த வயதுத் தோழரையும் அமர்த்துவதோ பெற்றோர் விருப்பம்.

இவ்விதியை வகுத்த கார்ல் செக், பிரெஞ்சு, இத்தாலியம், ஜெர்மன், இலத்தீன் ஆகிய ஐந்து மொழிகள் அறிந்தவர். இளமையில் பிரெஞ்சு அரசவையில் வளர்ந்தமையால் செக் மொழியை மறந்து பின்னர் மீண்டும் கற்றதாகத் தம் வரலாற்றில் அவரே குறிப்பிட்டுள்ளார். மொழியிழப்பையும் மீட்பையும் தம் வாழ்விலேயே கண்டவர் அவர்.

இவ்வியலில் பட்டம் பெறவிருப்பவன் குருதியால் மட்டும் வரையறுக்கப்படவில்லை, பயிற்சியாலும் வரையறுக்கப்படுகிறான். ஏழு வயதுச் சிறுவனுக்குக் கல்வியை விதிக்க வேண்டுமாயின் பட்டம் யாருக்கு என்பது அவனுடைய ஏழாம் வயதிலேயே தெளிவாகியிருக்க வேண்டும். எனவே தலைச்சன் உரிமையும் மொழிக்கல்வி விதியும் ஒன்றையொன்று சார்ந்தவை. மகன் அல்லாத உறவினர் பட்டம் பெறும் வாய்ப்பு இருந்தால் அவருக்கும் இக்கல்வி உரியது. ஆதலால்தான் மூலத்தில் 'மக்கள்' என்பதோடு நில்லாமல் 'உரிமையாளர், வழிவருவோர்' எனும் சொற்களும் சேர்க்கப்பட்டுள்ளன. அவை வெறும் அடுக்குத்தொடர் அல்ல. தனித்தனிப் பொருள் உடையவை.

6. காப்பாளரா, தந்தையா: பாலத்தினேட், 1449–1476

பட்டத்திற்குரியவன் சிறுவனாயின் அவனுடைய தந்தையின் மூத்த சகோதரன் காப்பாளனாக இருந்து ஆள வேண்டும். சிறுவன் 18 வயது நிறைந்ததும் உரிமை, வாக்கு, பதவி அனைத்தையும் திருப்பித் தர வேண்டும் என்பது சாசனத்தின் 7ஆம் இயல்.

1449இல் பாலத்தினேட் கோமான் நான்காம் லுட்விக் இறந்தபோது அவருடைய மகன் ஃபிலிப்புக்கு வயது ஒன்றே. சிறிய தந்தையாகிய ஃபிரெடரிக் காப்பாளர் ஆனார். 1451இல் அவர் புதியதொரு வழியைக் கையாண்டார். உரோமானியச் சட்டத்தில் 'அர்ரோகாட்டியோ' எனப்படும் ஒருவகைச் சுவீகாரத்தின்படி ஃபிலிப்பைத் தம் மகனாக ஏற்றார். தாம் வாழும் காலம் முழுவதும் தேர்வுக் கோமானாகவே இருப்பதாகவும், தமக்குப் பின் ஃபிலிப்பே பட்டம் பெறுவான் என்றும், ஒத்த குடியில் மணம் புரிவதில்லை என்றும் உறுதியளித்தார்.

காப்பாளர் என்னும் சொல்லுக்குச் சாசனம் 18 ஆண்டு எல்லை வகுத்திருந்தது. தந்தை என்னும் சொல்லுக்கு அத்தகைய எல்லை ஏதும் இல்லை. உறவுச் சொல் மாறியவுடன் சட்டத்தின் கால எல்லையும் மறைந்தது. சிறுவனின் உரிமை மறுக்கப்படவில்லை, தள்ளிவைக்கப்பட்டது. பேரரசர் மூன்றாம் ஃபிரெடரிக் இதனை இறுதிவரை ஏற்கவில்லை. எனினும் கோமான் ஃபிரெடரிக் தம் படைவலிமையால் பதவியில் நிலைத்தார். 1466இல் 18 வயதை எட்டிய ஃபிலிப் 1476இல் சிற்றப்பன் இறந்த பின்னரே பட்டம் எய்தினார்.

கோமான் தாம் அளித்த உறுதியையும் சொல்லளவில் காத்தார். அவர் மணந்த கிளாரா டோட் உயர்குடிப் பெண் அல்லள். எனவே அவர்களுடைய மக்கள் பட்டத்திற்கு உரிமை கோர இயலவில்லை. அவ்வழியினர் பின்னாளில் லோவன்ஸ்டைன் பிரபுக்களாக விளங்கினர். 'எபன்பூர்டிஹ்' என்னும் ஜெர்மன் சொல் குறிக்கும் 'ஒத்த பிறப்பு' என்பது, 'முறைமணத்தில் பிறந்த' என்பதினும் குறுகிய வட்டம். சட்டப்படி மணந்த மனைவியின் மகனும் அவ்வட்டத்திற்கு வெளியே நிற்கக்கூடும்.

7. பங்கிடலாகாத நாடு எது?

நாடு பங்கிடப்படலாகாது எனச் சாசனம் கூறியது. ஆனால் 'நாடு' என்பது கோமானின் உடைமை முழுவதுமா, தேர்வுரிமை ஒட்டியிருக்கும் பகுதி மட்டுமா? குடும்பங்கள் பின்னதையே பொருளாகக் கொண்டன. 1410இல் பாலத்தினேட்டின் ரூப்ரெக்ட் இறந்தபோது நிலம் நான்கு மக்களுக்குப் பிரிக்கப்பட்டது. தேர்வுரிமையும் அதனோடு பிணைந்த பகுதியும் மட்டும் பிரிக்கப்படாமல் ஒருவரிடம் நின்றன. 1473இல் பிராண்டன்பர்க்கின் ஆல்பிரெக்ட் அக்கிலீஸ் எழுதிய குடும்ப விதியும் இத்தகையதே. பிராண்டன்பர்க் மூத்த மகனுக்கு முழுமையாகச் சென்றது. பிரான்கோனியாவில் இருந்த நிலங்கள் இளைய மக்கள் இருவருக்குச் சென்றன.

சாக்சனியில் இதன் விளைவு பெரிது. 1423இல் சாக்சனியின் தேர்வுரிமை வெட்டின் குடும்பத்திற்கு வழங்கப்பட்டிருந்தது. 1464 முதல் கூட்டாக ஆண்ட எர்ன்ஸ்ட், ஆல்பிரெக்ட் என்னும் சகோதரர்கள் 1485இல் லைப்சிக்கில் நாட்டைப் பங்கிட்டனர். மூத்தவர் பிரிக்க இளையவர் தேர்ந்துகொள்வது பழைய சாக்சனிய வழக்கம். விட்டன்பர்க்கைச் சூழ்ந்த தேர்வுரிமைப் பகுதி எர்ன்ஸ்டுக்கு என முன்னரே ஒதுக்கப்பட்டு, எஞ்சியது பிரிக்கப்பட்டது. சாசனத்தின் சொல் காக்கப்பட்டது, நோக்கம் நிறைவேறவில்லை. இரு கிளைகளிடையே பகை வளர்ந்தது. 1547இல் எர்ன்ஸ்ட் கிளையைச் சார்ந்த யோகான் ஃபிரெடரிக் பேரரசரிடம் தோற்றபோது தேர்வுரிமையை இழந்தார். அது ஆல்பிரெக்ட் கிளையின் மோரிட்ஸுக்கு வழங்கப்பட்டது. ஆல்பிரெக்ட் 1499இலேயே தம் கிளையில் தலைச்சன் உரிமையை விதித்திருந்தார். எர்ன்ஸ்ட் கிளையோ மேலும் மேலும் பங்கிடப்பட்டு வைமர், கோத்தா, கோபர்க் எனச் சிறு நாடுகளாயிற்று.

தலைச்சன் உரிமை இளையோருக்கு எத்தகைய துன்பத்தைத் தந்தது என்பதை ஹனோவரின் வரலாறு காட்டும். டியூக் எர்ன்ஸ்ட் ஆகஸ்ட் தேர்வுரிமை பெறும் நோக்குடன் தம் நாட்டில் தலைச்சன் உரிமையை விதித்தார். பேரரசர் 1683இல் அதனை உறுதிசெய்தார். பங்கு கிடைக்கும் என எண்ணி வளர்ந்த இளைய மக்கள் எதிர்த்தனர். இரண்டாம் மகன் பேரரசுப் படையில் சேர்ந்து போரில் மடிந்தார். அடுத்தவராகிய மாக்சிமிலியன் வில்ஹெல்ம் மேற்கொண்ட சதி 1691இல் வெளிப்பட்டது. இளவரசருக்கு உயிர்ச்சேதம் இல்லை; அவருக்குத் துணைநின்ற வேட்டைத்துறைத் தலைவர் மோல்ட்கே 1692இல் கொல்லப்பட்டார். அதே ஆண்டில் ஹனோவர் ஒன்பதாவது தேர்வுரிமை நாடாக உயர்த்தப்பட்டது.

8. உரிமை நிலமும் மானிய நிலமும்: 1685

1685இல் பாலத்தினேட்டின் கோமான் இரண்டாம் கார்ல் மகப்பேறின்றி இறந்தார். தேர்வுரிமை தந்தைவழித் தாயாதியாகிய நோய்பர்க் கிளையின் ஃபிலிப் வில்ஹெல்முக்குச் சென்றது. இறந்தவரின் உடன்பிறந்தாள் எலிசபெத் சார்லட் 1671இல் பிரெஞ்சு அரசர் பதினான்காம் லூயியின் தம்பியை மணந்திருந்தார். அவர் பெயரால் லூயி பாலத்தினேட்டில் உரிமை கோரினார்.

இவ்வழக்கு இரு சொற்களின்மேல் நின்றது. மேலாட்சியாளரிடமிருந்து கடமைகளுக்கு ஈடாகப் பெற்ற நிலம் 'லேன்'. எவருக்கும் கட்டுப்படாத முழு உடைமை 'அல்லோட்'. முன்னது ஆண்வழியே செல்லும். பின்னது பெண்ணுக்கும் செல்லலாம். தேர்வுரிமையைப் பெண் பெற இயலாது என்பதில் ஐயம் இல்லை. ஆனால் பாலத்தினேட்டின் எப்பகுதி லேன், எப்பகுதி அல்லோட் என்பதில் கருத்து வேறுபட்டது. மணத்தின்போது எலிசபெத் சார்லட் தம் உரிமையைத் துறந்து எழுதிக் கொடுத்திருந்தார். தமிழ்ப் பத்திர வழக்கில் கூறின் அது ஒரு விடுதலைப் பத்திரம். அதன் எல்லை எது என்பதும் வழக்காயிற்று.

1688இல் தொடங்கிய போர் 1697இல் ரிஸ்விக் உடன்படிக்கையோடு முடிந்தது. இடையில் 1689இல் மன்ஹைம், ஸ்பையர், வோர்ம்ஸ் ஆகிய நகரங்களைப் பிரெஞ்சுப் படையினர் அழித்தனர். ஹைடல்பர்க் 1689இலும் 1693இலும் எரியூட்டப்பட்டது. தம் பெயரால் தம் தாய்நாடு அழிவதைக் கண்ட அவ்வம்மையார் பிரெஞ்சு அரசவையிலிருந்து ஜெர்மன் மொழியில் எழுதிய கடிதங்களில் அத்துயரைப் பதிவு செய்துள்ளார். இறுதியில் வழக்கு போப்பாண்டவரின் நடுவத்திற்கு விடப்பட்டு 1702இல் பணம் கொடுத்துத் தீர்க்கப்பட்டது. அல்லோட் என வாதிடப்பட்டதற்கு விலை மதிக்க முடிந்தது. தேர்வுரிமைக்கு விலை கூறப்படவே இல்லை.

9. 'ஆண்' என்பதும் 'முறைமணவழி' என்பதும்: 1740–1742

ஒரே ஒரு சொல்லின்மேல் ஒரு பேரரசின் உரிமை நின்றதற்குச் சான்று 1740இல் கிடைக்கிறது. அவ்வாண்டு பேரரசர் ஆறாம் கார்ல் ஆண்மகவின்றி இறந்தார். 1713இல் அவர் வகுத்த குடும்ப விதியின்படி மகள் மரியா தெரசா ஆஸ்திரிய நாடுகளைப் பெற்றார். பவேரியாவின் தேர்வுக் கோமான் கார்ல் ஆல்பிரெக்ட் இதனை மறுத்தார். முதலாம் ஃபெர்டினாண்டின் மகள் அன்னா 1546இல் பவேரியக் குடும்பத்தில் மணம் புரிந்தவர். ஃபெர்டினாண்டு 1543இல் எழுதிய விருப்ப ஆவணமும் 1547இல் சேர்த்த பிற்சேர்க்கையும் அன்னாவின் வழியினருக்கு ஒரு நிபந்தனையோடு உரிமை அளித்தன.

நிபந்தனை என்ன என்பதே வினா. ஃபெர்டினாண்டின் புதல்வர் வழியில் 'மென்லிஹ்', அதாவது ஆண் வாரிசுகள் அற்றுப்போனால் உரிமை வரும் எனப் பவேரியர் கொண்டனர். அவ்வாறாயின் 1740இல் நிபந்தனை நிறைவேறிவிட்டது. வியன்னாவில் மூல ஆவணம் வெளிநாட்டுத் தூதர்களுக்குக் காட்டப்பட்டபோது அதில் இருந்தது 'ஏலிஹ்', அதாவது முறைமணவழிப் பிறந்த வாரிசுகள் என்னும் சொல். மரியா தெரசா முறைமணவழிப் பிறந்தவர். ஆகவே நிபந்தனை நிறைவேறவில்லை. மூல ஆவணம் காட்டப்பட்டும் கார்ல் ஆல்பிரெக்ட் கோரிக்கையைக் கைவிடவில்லை. போர் 1748 வரை நீடித்தது.

இதே காலத்தில் மற்றொரு சிக்கலும் எழுந்தது. மரியா தெரசா பொகேமியாவின் ஆட்சியாளர். பொகேமியா தேர்வுரிமை நாடு. நாட்டை ஆளும் பெண் அந்நாட்டின் வாக்கை அளிக்கலாமா? அவர் தம் கணவரைத் துணையாட்சியாளராக்கி அவர் வழியாக வாக்கைப் பயன்படுத்த முயன்றார். ஏனைய தேர்வுக் கோமான்கள் இதனை ஏற்கவில்லை. 1742 சனவரித் தேர்தலில் பொகேமியாவின் வாக்கு நிறுத்திவைக்கப்பட்டது. கார்ல் ஆல்பிரெக்ட் பேரரசராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். நாட்டையும் வாக்கையும் பிரிக்கலாகாது என்ற சாசனம் நடைமுறையில் இங்கு அவற்றை இணைக்க இயலாது நின்றது.

10. மொழிபெயர்ப்பில் கொள்ளத்தக்க வேறுபாடுகள்

மேற்கண்ட சான்றுகளிலிருந்து மொழிபெயர்ப்பாளர் கருத்தில் கொள்ளத்தக்க சில வேறுபாடுகள் பெறப்படுகின்றன. அரபு மூலமுடைய 'வாரிசு' என்பது தமிழில் சொத்து, பதவி, கலை என அனைத்திற்கும் வழங்கும் பொதுச்சொல். சொத்தை அடைபவரும் பதவியை அடைபவரும் வெவ்வேறு ஆள்களாக இருக்கக்கூடிய பனுவல்களில் அது போதாது. முன்னவரை 'மரபுரிமையாளர்' என்றும் பின்னவரைப் 'பட்டத்திற்குரியவர்' என்றும் வேறுபடுத்தலாம். 1685இன் வழக்கில் எலிசபெத் சார்லட் முன்னதற்கு வாதிட இடமிருந்தது, பின்னதற்கு இல்லை.

தந்தைவழிப் பங்காளிகளைச் சுட்டும் ஜெர்மானியச் சட்டச் சொல்லுக்குத் 'தாயாதி' என்பது மிகப் பொருத்தமான தமிழ்ச் சொல். தாய் என்னும் சொல்லோடு அதனைத் தொடர்புபடுத்தித் தாய்வழி உறவெனக் கொள்வது பிழை. பங்கு எனப் பொருள்படும் 'தாயம்' என்பதனோடு உறவுடையது அது. அல்லோட் என்பதைச் 'சுயார்ச்சிதம்' என்று பெயர்க்கும் எண்ணம் எழக்கூடும். சுயார்ச்சிதம் ஒருவர் தாமே ஈட்டியது. அல்லோட் பாட்டன் வழி வந்ததாகவும் இருக்கலாம். ஈட்டிய முறை அன்று, மேலாட்சிக்கு உட்படாமையே அதன் இலக்கணம். எனவே 'கட்டற்ற உரிமை நிலம்' என விரித்துரைப்பதே நன்று.

'முறையான வாரிசு' என்னும் தொடரிலும் ஐயம் உண்டு. முறைமணத்தில் பிறந்தவர் என்றும் சட்டப்படி பட்டம் பெறத் தக்கவர் என்றும் அது இருபொருள்படும். கிளாரா டோட்டின் மக்களும் மரியா தெரசாவும் முதற்பொருளில் முறையானவர்கள். இரண்டாம் பொருளில் அவர்கள் நிலை வேறு.

11. முடிவுரை

ஆள்வோரைத் தேர்ந்தெடுக்கும் வாக்கு பகுபடாதது என்னும் ஒரே காரணம், உடன்பிறந்தார் அனைவரும் பங்கு பெற்ற குடும்ப வழக்கைத் தலைச்சன் ஒருவனுக்கே உரியதாக மாற்றியது. ஆயினும் சாசனத்தின் சொற்களுக்கும் குடும்பங்களின் வழக்கிற்கும் இடையே எஞ்சிய இடைவெளியில் காப்பாளர் தந்தையானார். நாடு என்பது நாட்டின் ஒரு பகுதியாயிற்று. மரபுரிமையாளர் பட்டமின்றி நின்றார். அவ்விடைவெளிக்கு விலை தந்தவர்கள் இளைய மக்களும் பெண்மக்களும் எரிந்த நகரங்களின் மக்களுமே.

1806 ஆகஸ்டு 6ஆம் நாள் பேரரசு முடிவுற்றது. தேர்ந்தெடுக்கப் பேரரசரும் இல்லை, தேர்தலும் இல்லை. எனினும் 1803இல் அப்பட்டம் பெற்ற ஹெஸ்ஸ-காஸல் நாட்டின் குடும்பம் அதனை விடவில்லை. 1866இல் பிரஷ்யா அந்நாட்டை இணைத்துக்கொள்ளும்வரை அதன் ஆட்சியாளர்கள் தேர்வுக் கோமான் என்றே வழங்கப்பட்டனர். தந்தைக்குப்பின் மகன் அப்பட்டத்தைப் பெற்றான். வாக்கிற்காக வகுக்கப்பட்ட வாரிசுரிமை, வாக்கு மறைந்த பின்னும் அறுபது ஆண்டுகள் பெயரளவில் தொடர்ந்தது. பதவி அழிந்த பின்னும் அதன் சொல் மரபுரிமையாக வழங்கி வந்தமைக்கு இது தக்க சான்றாகும்.